தக்கலையில் எத்தனை மில்லி

வெளியேறும் பொத்தானை அமுக்கியதும்
நிச்சயமாகவா என்று கேட்டது.
இவர்கள் உங்களைத் தேடுவார்கள் என்று
ஐந்து முகங்களை வரிசையாகக் காட்டியது.
மூன்றாவது முகம்,
என் தலையை மட்டும் வெட்டி
வேறோர் உடம்பில் ஒட்டிப் பரப்பியவனுடையது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில்
ஜல்லி லாரிகள் அந்த வழியாகப் போகவேண்டாம் என்று
நான்கு வரி எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு முகங்கள்.
எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மனம் மாறினால் திரும்பி வர
முப்பது நாள் அவகாசம் தந்தார்கள்.
பெருவிரல் தானாகப் போய்
பழைய இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது,
பல் விழுந்த குழியை நாக்கு தேடுவதுபோல.
பதினொரு வருஷம், நாலாயிரத்துச் சொச்சம் பேர்.
ஒருத்தர்கூட போன் பண்ணவில்லை.
இல்லை, ஒருத்தி பண்ணினாள்,
சீட்டுப் பணம் கேட்டு.

இடவப்பாதி பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம்
தாலுகா ஆபீஸ் எதிரே என் ஜெராக்ஸ் கடையில்
நனைந்த நோட்டு ஒன்றை நீட்டினார் ஒருவர்.
பக்கம் பக்கமாகத் தேதி, பக்கத்தில் எண்.
இது என்ன சார்?
“மழை” என்றார்.
பாக்கிச் சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில்
என்னையும் குழுவில் சேர்த்துவிட்டார்.

பதினாலு பேர். முகம் கிடையாது, ஊர்தான் பெயர்.
காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்க்கவேண்டும்.
பாலமோர் 62.4
பேச்சிப்பாறை 48.2
குளச்சல் 3
மயிலாடி 0
பூஜ்யத்தையும் ஒருநாள் விடாமல் அனுப்பும் மயிலாடியை
எனக்கு முதல் வாரமே பிடித்துப்போயிற்று.

சண்டையும் உண்டு.
பெருஞ்சாணி ஒருமுறை 90 போட்டதற்கு
“மரத்துத் தண்ணி விழுந்திருக்கும் வேய்,
வெட்டவெளியில மாத்தி வையும்” என்றது சுருளோடு.
மறுநாள் மாற்றி வைத்துப் படம் அனுப்பியது பெருஞ்சாணி.
அதோடு முடிந்தது.
ஒரு சண்டை முடிவதைப் பார்த்து
எனக்கு எத்தனை வருஷமாயிற்று.

முப்பதாம் நாள் வந்ததும் போனதும் தெரியவில்லை.
நோட்டைப் புரட்டினால்
அன்று தக்கலை 17.6.

துலாமழையில் ஒருநாள் எழுந்திருக்க முடியவில்லை.
ஒன்பதுக்கு: தக்கலை?
ஒன்பதேகாலுக்கு: தக்கலையில் எத்தனை மில்லி?
அப்புறம், எண்ணைத் தவிர எதுவும் எழுதியறியாத மயிலாடி:
தக்கலைக்கு என்னாச்சு?

‘பனி’ என்று மட்டும் தட்டினேன்.
சங்கரன்கோயிலிலிருந்து மாற்றலாகி வந்த பூதப்பாண்டி
தக்கலையில் பனியா, படம் போடுங்க என்றது.
காய்ச்சலாக்கும் வேய், என்றது சுருளோடு.
வரிசையாக விழுந்தன சிரிப்பு முகங்கள்.
பழைய வழக்கப்படி என் வயிறு இறுகியது.
இரண்டு தடவை படித்த பிறகே இளகியது.

திருவிதாங்கோடு கேட்டது: வீடு எங்க?
அடித்தேன். அழித்தேன்.
முன்பு ஒருவன் என் தெருவின் பெயரைப் பொதுவில் எழுதி
கீழே கத்திப் படம் வைத்திருந்தான்.
பத்து மணிக்கு அனுப்பினேன்:
புலியூர்க்குறிச்சி போற ரோட்டில, பச்சை கேட்.

திருவிதாங்கோடு ஓர் ஆண் என்றே
ஐந்து மாதமாக நினைத்திருந்தேன்.
ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியது
சபூரா.
தூக்குச்சட்டியில் கஞ்சி, தனியாகப் பயறு.
பேர் சொன்ன கையோடு
“மழைமானி எங்க?” என்றாள்.

மாடியிலிருந்து கேட்டது அவள் குரல்:
பதினொண்ணு புள்ளி நாலு!
படுத்தபடியே அனுப்பினேன்,
தாமதம் என்று பக்கத்தில் குறித்து.

குழலிலிருந்த தண்ணீரைக்
கறிவேப்பிலைத் தொட்டியில் கவிழ்த்து,
துடைத்து, சாயாமல் நிறுத்திவிட்டு
இறங்கி வந்தாள்.
“நாளைக்கி நீயே பாக்கணும், கேட்டியா.”